மோர்மிளகாய் குடித்த காற்றுக் கோபுரம்

ஜம்புநாதனுக்குச் சோறு போடுவது ஏசி. சுகர் லேண்ட் புறநகரிலிருந்து தினமும் ஃப்ரீவேயில் ஊர்ந்து போய், பெரிய கட்டடங்களில் குளிர்காற்றுக் குழாய் எந்த வழியாகப் போக வேண்டும் என்று வரைந்து கொடுப்பார். அப்பேர்ப்பட்டவர் தன் வீட்டில் பாரசீகக் காற்றுக் கோபுரம் கட்டினால் தெரு சிரிக்காதா? முதலில் சிரித்தவரே அவர்தான்.

எல்லாம் மகள் மாளவிகாவால் வந்தது. கம்ப்யூட்டர் படிப்பை விட்டுக் கட்டடக்கலைக்கு மாறப்போவதாகப் போன வருடம் சாப்பாட்டு மேஜையில் சொன்னவள், ஈரானின் யஸ்த் நகரத்துப் படங்களையும் காட்டினாள். கூரைக்கு மேல் கோபுரம்; உயரத்தில் அடிக்கிற காற்றைப் பிடித்து அறைக்குள் இறக்கும். கரண்டும் இல்லை, மோட்டாரும் இல்லை. இன்றைக்கும் புதுக் கட்டடங்களில் அந்த யோசனையை எடுத்தாள்கிறார்கள் என்றாள்.

"அப்போ அப்பாவுக்கு வேலை போயிடுமா?" என்று ஜம்புநாதன் விழுந்து விழுந்து சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. ஆஸ்டினில் இருக்கும் கல்லூரிக்குத் திரும்பிய பிறகு அம்மா மீனாக்ஷியிடம் மட்டும்தான் பேசினாள். இந்தக் கோடை விடுமுறைக்கும் இரண்டு நாள்தான் வருவாளாம்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று ஜம்புநாதன் தன்னையே திட்டிக்கொண்டார். மகள் இல்லாத வீடு அவருக்குப் பிடிக்கவில்லை. மன்னிப்புக் கேட்க அவருக்கு வராது; குழாய் போடத்தான் வரும். எனவே பின்பக்க அறையின் கூரையைத் திறந்து, பலகையில் ஒரு கோபுரம் எழுப்பினார்.

"தென்மேற்கு மூலைதான் உயரமா இருக்கணும், வாஸ்து" என்றாள் மீனாக்ஷி. காற்றின் திசையை அளந்தே சம்பளம் வாங்குகிற மனிதர் மறுபேச்சுப் பேசாமல் அந்த மூலையிலேயே கட்டினார். வீட்டுக்குள் வாடை வரக்கூடாதென்று வறுவலுக்கும் தாளிப்புக்கும் அவர் போட்டுக் கொடுத்த வெளி அடுப்பு, அதே மூலைக்கு வெளியேதான் இருந்தது. அது அவர் கண்ணில் படவே இல்லை.

மகள் வந்த அன்று நண்பர்களை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார். பின்பக்க அறையில் உட்காரவைத்து ஏசியை அணைத்தார். பாரசீகர்களின் பெருமையைச் சொல்லத் தொண்டையைக் கனைத்தார். வெளியே மீனாக்ஷி, தயிர்சாதத்துக்கு மோர்மிளகாயை எண்ணெயில் போட்டாள்.

கோபுரம் ஒரு குறையும் வைக்கவில்லை. அத்தனை நெடியையும் மேலே பிடித்து அறைக்குள் கொட்டியது. ஆளாளுக்கு இருமிக்கொண்டு கதவுக்கு ஓடினார்கள்.

"ஜம்பு, உங்க பாரசீகருக்குக் காரம் ஜாஸ்திப்பா!" என்று வாசலில் நின்று கத்தினார் நண்பர் வேலுமணி.

அறைக்குள் மாளவிகா மட்டும் நின்றாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. உள்ளங்கையை மேலே நீட்டி, இறங்குகிற காற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்பா... இட் வொர்க்ஸ்."

ஜம்புநாதன் வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது.

"பட் அங்க போய் ஸ்டவ் வெச்சது யாரு?"

"நான்தாம்மா. ஏர்ஃப்ளோ எக்ஸ்பர்ட்."

ஒரு வருடத்துக்குப் பிறகு அவர் முன்னால் அவள் சிரித்தாள். சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கோபுரத்தை ஒரு சுற்று அண்ணாந்து பார்த்தாள்.

"இதைச் சரி பண்ண ரெண்டு நாள் பத்தாதுப்பா" என்றாள்.