கோப்பையின் காலித் தகடுகள்

மகளின் ஸ்கேட்டிங் காலணியைக் கட்டிவிடக் குனிந்தபோது ஈர ரப்பர் விரிப்பின் வாடை மூக்கில் ஏறியது. எண்பதுகளில் இதே துபாய் ஐஸ் ரிங்கில்தான் அப்பா குளிர் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டார்.

வெளியே வெயில் சாலைத் தாரை இளக்கும். உள்ளே நானும் அம்மாவும் அப்பாவின் கம்பளிச் சட்டைகளுக்குள் நடுங்குவோம். யாழ்ப்பாணத்தில் சண்டை, விசிட் விசாவில் வந்திருந்தோம். ரிங்க் எத்தனை நாள் ஓடுமோ என்று, எங்களை வைத்துக்கொள்ள அப்பா தயங்கினார்.

அந்த வாரம் அங்கே முதல் ஐஸ் ஹாக்கிப் போட்டி நடந்தது. வெளிநாட்டு கிளப் ஒன்று விமானத்தில் வந்து, உள்ளூர் கிளப்பை வென்றது. ஆட்டம் முடிந்ததும் அப்பா எங்களைக் கோப்பையருகே கூட்டிப்போனார். வெல்லும் கிளப்பின் பெயரை ஆண்டுதோறும் பொறிக்க, மரப்பீடத்தைச் சுற்றிச் சின்னத் தகடுகள். எல்லாம் காலி.

அப்பா தொட்டுத் தொட்டு எண்ணினார். "இருவது. இருவது வருசம் விளையாடுறதெண்டுதான் செய்திருக்கினம். ஐஸ் உருகாமல் பாக்க ஆள் வேணுந்தானே."

"அடுத்த வருசம் ஒருத்தரும் வராட்டி?" என்றார் அம்மா.

"அப்ப பாப்பம். பிள்ளையை இஞ்ச பள்ளிக்கூடத்தில சேப்பம்."

ஒரு கோப்பையின் அடிக்கட்டையை நம்பிக் குடும்பமே தங்கியது என்றால் யாரும் சிரிப்பார்கள். தங்கினோம்.

அந்தக் கோப்பை இப்போது வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. பழைய பீடம் பெயர்களால் நிரம்பிவிட்டது. அடியில் புதிதாக இன்னொரு பீடம் பொருத்தியிருக்கிறார்கள். மகளைத் தூக்கிக் காட்டினேன். பெயர்களை விட்டுவிட்டு, அவள் காலித் தகடுகளை எண்ணத் தொடங்கினாள்.