277-ஆம் நம்பர் சாவி

பஸ் டிப்போ ஸ்டோரில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறார் நம்பர் அக்கா. பிரேக் லைனிங்கோ ஃபேன் பெல்ட்டோ, யார் எதைக் கேட்டு வந்தாலும், "பேரு வேணாம், நம்பரைச் சொல்லுங்க" என்பார். பட்டப்பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

அவர் வாழ்க்கைப்பட்ட வீட்டின் பின்னால் ஒரு தகர ஷெட். அதற்குள் மாமனாரின் கார் நின்றது. அக்கா பிறப்பதற்கு முன்பே ரோட்டில் ஓடிக்கொண்டிருந்த கார் அது. மாமனார் போன பிறகு அதை விற்றுவிடலாம் என்றார் அக்காவின் கணவர். கூடவே கூடாது என்றார் கணவரின் அண்ணன். பேச்சு முற்றி, ஒருநாள் அண்ணன் விறுவிறுவென்று ஷெட்டுக்குப் போய்க் காரைப் பூட்டினார். "இனிமே எவன் விக்கறான்னு பாக்கறேன்" என்று சாவிக்கொத்தை வாய்க்காலில் வீசிவிட்டு பஸ் ஏறிவிட்டார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது சும்மா இல்லை. அதற்குப் பிறகு ஒன்பது வருடம் அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. தம்பிக்கும் அதன் பிறகு காரை விற்க மனம் வரவில்லை. ஷெட் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

இந்த வருடம் ஷெட்டின் தூண் துருப்பிடித்துச் சாய்ந்தது. கூரை விழுவதற்குள் காரை வெளியே எடுக்க வேண்டும். எடுப்பதென்றால் கதவைத் திறந்து ஹேண்ட் பிரேக்கை இறக்க வேண்டும். சாவிக்காரர் வந்து கம்பி விட்டுப் பார்த்தார், காது வைத்துப் பார்த்தார், கடைசியில் உதட்டைப் பிதுக்கினார்.

"இதுக்கு வெட்டறதுக்கு வெறும் சாவியே இப்ப வர்றதில்லைங்க. ட்ரில் போட்டு உடைச்சிடலாம்."

"உடைச்சுடுங்க" என்றார் கணவர்.

"கொஞ்சம் இருங்க" என்றார் அக்கா. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் பூட்டின் முகத்தைத் துடைத்தார். அழுக்குக்கு அடியில் கடுகளவு எழுத்தில் மூன்று எண்கள் தெரிந்தன. 277.

அந்தக் காலத்துக் கார்களில் பூட்டின் மேலேயே சாவியின் நம்பரைக் குத்தியிருப்பார்கள். அதே நம்பர் சாவி எங்கே கிடைத்தாலும் பூட்டு திறக்கும். இது அக்காவுக்குத் தெரியும். சாவிக்காரரை அனுப்பிவிட்டு, மறுநாள் முதல் தேட ஆரம்பித்தார். டிப்போ முடிந்ததும் ஒவ்வொரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையாக ஏறி இறங்கினார். ஒருவர் சிரித்தார். இன்னொருவர், "காரையே மாத்திடுங்களேன்" என்று யோசனை சொன்னார். ஆறு வாரம் போனது.

ரயில் பாதையை ஒட்டிய ஒரு கடையில்தான் துப்பு கிடைத்தது. கடைக்காரர் ஒரு பலகையை எடுத்து வந்தார். வரிசையாகக் கொக்கிகள், ஒவ்வொன்றிலும் பழைய சாவிகள். 276 இருந்தது, 278 இருந்தது. நடுவில் கொக்கி காலி.

"ஒண்ணே ஒண்ணுதாம்மா இருந்துச்சு. நாலு வருஷம் முன்னாடி ஒருத்தர் வாங்கிட்டுப் போனார். நம்பரை மனப்பாடமாச் சொன்னார்."

"எப்படி இருந்தார்?"

"எடது கை சுண்டு விரல் நிமிராது. சாவியைக் கையில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் இங்கயே உக்காந்திருந்தார். உடம்பு சரியில்லையோன்னு தண்ணி குடுத்தேன்."

அக்காவுக்கு வேறு விவரம் தேவைப்படவில்லை. கணவரின் அண்ணனுக்குச் சின்ன வயதில் ஒடிந்து மடங்கிப்போன விரல் அது. கடை வாசலிலேயே நின்று அவருக்குப் போன் செய்தார். மாமா என்றுதான் அவரைக் கூப்பிடுவார்.

"மாமா, நான்தான் பேசறேன்."

"யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. கார் சாவி உங்ககிட்ட இருக்கா?"

மறுமுனையில் ஒரு இழுப்பறையைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"இருக்கும்மா" என்றார். "மூணு தடவை எடுத்துக்கிட்டு உங்க தெருமுனை வரைக்கும் வந்தேன். தூக்கி எறிஞ்சவன் எந்த மூஞ்சியோட வந்து குடுப்பான்? திரும்பிட்டேன்."

"வெண்ணெய வெச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்ச மாதிரி ஊரெல்லாம் சுத்தியிருக்கேன் மாமா. ஞாயித்துக்கிழமை வாங்க."

"அவன் என்ன சொல்வான்?"

"அதை நான் பாத்துக்கறேன்."

வீட்டுக்கு வந்து கணவரிடம் நடந்ததைச் சொன்னார். அவர் தட்டிலிருந்து நிமிரவே இல்லை. "வரட்டும்" என்றார். சனிக்கிழமை மாலை அவரே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய் ஷெட்டைப் பெருக்குவதைப் பார்த்தபோதுதான் அக்காவுக்கு மூச்சு வந்தது.

ஞாயிறு காலை அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையுடன் வந்தார். தம்பி முகத்தைப் பார்க்கவில்லை. நேராக ஷெட்டுக்குப் போனார். சாவி உள்ளே போனது, திரும்பவில்லை.

"எண்ணெய் விடணும்" என்றார் பூட்டிடம்.

தம்பி எண்ணெய்க் குப்பியைக் கொண்டுவந்து நீட்டினார். "இழுத்துத் திருப்பாத. உடைஞ்சா இன்னொண்ணு கிடையாது."

"தெரியும்டா."

ஒன்பது வருடத்துக்குப் பிறகு அவர்கள் முதலில் பேசிக்கொண்டது அவ்வளவுதான். எண்ணெய் ஊறும்வரை இருவரும் காரின் இரண்டு பக்கமும் நின்றார்கள். பிறகு கதவு திறந்தது. எலி நாற்றம் முகத்தில் அடிக்க, இருவரும் ஒரே நேரத்தில் மூக்கைப் பொத்தினார்கள். அக்கா சிரித்துவிட்டார். அவர்களாலும் அடக்க முடியவில்லை.

அந்தச் சாவி இக்னிஷனுக்கும் சேர்ந்தது. டிக்கிக்கு மட்டும் வேறு சாவி; அதன் நம்பரோ பூட்டின் உட்பக்கம். டிக்கிக்குள் எட்டிப் பார்க்கப் பின் சீட்டைக் கழற்ற வேண்டியதாயிற்று. அண்ணனின் தொந்தி இடம் கொடுக்காததால் தம்பி உள்ளே நுழைந்தார். அண்ணன் கண்ணாடி வழியே டார்ச் அடித்தார்.

"மூணு... ஒண்ணு... அப்புறம் எட்டு. எட்டுதான்."

"நல்லாப் பாருடா, உனக்கு எப்பவும் மூணும் எட்டும் ஒண்ணுதான்."

தம்பி எச்சில் தொட்டுத் துடைத்து மறுபடி பார்த்தார். எட்டேதான். 318-ஆம் நம்பர் சாவி ரயில் பாதைக் கடையில் இரண்டு இருந்தது.

இப்போது ஷெட்டுக்குப் புதுக் கூரை போட்டாகிவிட்டது. அண்ணன் மாதம் இரண்டு ஞாயிறு வருகிறார். இன்ஜின் இன்னும் உயிர் பிடிக்கவில்லை. கோளாறு கார்புரேட்டரிலா இக்னிஷன் காயிலிலா என்று இருவரும் போடும் சத்தம் தெருவரை கேட்கிறது. துணி காயப்போட வரும் அக்கா, கடைசித் துணியைக் கொடியில் போட்ட பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கிறார்.