அரை நிமிடப் பழுது

ஊரிலேயே ஒழுங்காக ஓடிய லிஃப்ட் அவளுடைய அப்பா பராமரித்ததுதான். ஊரிலேயே அதிக நாள் ‘பழுது’ பலகை தொங்கியதும் அதில்தான். மற்ற மெக்கானிக்குகள் அந்தப் பலகையைப் பார்த்துச் சிரிப்பார்கள். அப்பா கண்டுகொள்ள மாட்டார். அவருக்குப் போட்டோ பைத்தியம்.

இருட்டியதும் கேமராவும் கையுமாக அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடிக்கு ஏறிவிடுவார். அங்கிருந்து பார்த்தால் ஊரின் கட்டடங்கள் எல்லாம் விளக்கோடு வரிசைகட்டி நிற்கும். அதைப் படமெடுக்க, கேமரா அரை நிமிடம் அசையாமல் கண்திறந்து நிற்க வேண்டும். லிஃப்ட் மோட்டாரும் மாடியில்தான் இருந்தது. யாராவது பொத்தானை அழுத்தினால் தளமே கிடுகிடுக்கும். படத்தில் ஊர் முழுக்கக் குடித்துவிட்டு நிற்பது போலிருக்கும். அதனால் கீழே பலகையை மாட்டிவிட்டு, மேலே வந்து மெயினை அணைப்பார்.

பலகையை யாரும் நம்பவில்லை. உள்ளே மாட்டிக்கொண்டு கத்துவார்கள். அப்பாவுக்கு மனசு கேட்காது, பாதியில் மெயினைப் போட்டுவிடுவார். படம் போச்சு.

நல்ல படம் வந்தால் வைக்கலாம் என்று அகலமாக ஒரு சட்டம் வாங்கி, கூடத்தில் காலியாகவே மாட்டியிருந்தார்.

போன மாதம் ஆஸ்பத்திரி லிஃப்டில் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே, “இதுக்கு எண்ணெய் போட்டு வருஷமாச்சு” என்றார். மேலே போனவர் இறங்கி வரவில்லை.

காலிச் சட்டத்தில் அப்பாவின் முகத்தை வைக்கச் சொன்னார் பெரியப்பா.

“இவ்ளோ அகலத்துல இவர் ஒருத்தர் மூஞ்சியா? பஸ் விளம்பரம் மாதிரி இருக்கும்” என்றாள் அம்மா.

மாடிச் சாவியை மறுநாள் அப்பாவின் லிஃப்ட் கம்பெனியில் ஒப்படைத்தாக வேண்டும். அன்று சாயங்காலம் மகள் கேமராவை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பாலங்கள் எவ்வளவு அதிரும் என்று கணக்குப் போடும் இன்ஜினியர் அவள். பலகையை மாட்டினாள், மேலே போனாள், மெயினை அணைத்தாள், கேமராவை அழுத்தினாள்.

மோட்டார் அறையில் போன் அலறியது. லிஃப்டுக்குள்ளிருந்து.

“யாரு மேல?”

குடியிருப்போர் சங்கச் செயலாளர். அப்பாமேல் ஓயாமல் புகார் எழுதியவர்.

“மெக்கானிக் பொண்ணு சார். கீழ போர்டு பாக்கலையா?”

“உங்கப்பா மாட்டுன போர்டை எவன் நம்புவான்? மனுஷன் போயும் அது போகலையேன்னு நினைச்சேன்!”

“அரை நிமிஷம் பொறுங்க சார்.”

“படமா?”

“ஆமா.”

“ஏம்மா, நான் கத்துனா அவர் உடனே போட்டுடுவாரு, தெரியுமா?”

“தெரியும் சார். அதான் ஒரு படமும் தேறலை.”

அவர் குரல் தணிந்தது.

“நான் வேணா மூச்சை அடக்கிக்கவா?”

“அதெல்லாம் வேணாம். சும்மா நில்லுங்க.”

வெளியே கேமரா கண்மூடும் சத்தம் கேட்டது. அவள் ஓடிப்போய்த் திரையைப் பார்த்தாள். ஒவ்வொரு ஜன்னலும் தனித்தனியாக, கூர்மையாக. எதுவும் நடுங்கவில்லை. திரும்பி வந்து போனை எடுத்தாள்.

“என்னம்மா, போச்சா?”

“வந்துருச்சு சார்.”

“அப்ப என்னை இறக்கி விடு தாயே!”

மறுநாள் சாவியைக் கொடுத்துவிட்டு, படத்தைப் பெரிதாக அச்சிட்டுச் சட்டத்தில் பொருத்தினாள். அம்மா தள்ளி நின்று பார்த்தாள்.

“எல்லாக் கட்டடமும் வலது பக்கம் சாயுதே?”

அவசரத்தில் இன்ஜினியர் மட்டம் பார்க்க மறந்திருந்தாள்.

“திரும்ப எடுக்கச் சாவி இல்லம்மா.”

அம்மா சட்டத்தின் இடது மூலையைப் பிடித்துக் கொஞ்சம் கீழே இறக்கினாள். கட்டடங்கள் நிமிர்ந்தன. சட்டம்தான் கோணலாகத் தொங்கியது.

“இருக்கட்டும்,” என்றாள் அம்மா. “கேக்குறவங்ககிட்ட பழுதுன்னு சொல்லிக்கலாம்.”