விளக்கெண்ணெய் குடித்த கியர்பாக்ஸ்

இடுக்கி மலையில் ஆனைக்கரை. சம்பந்தி வீட்டு வாசல். வளைகாப்பு முடிந்து, தாய்வீட்டுக்குப் புறப்பட்ட சரசு பின்சீட்டில் ஏறிவிட்டாள். ராகுகாலம் நெருங்குகிறது. நான் கிளட்சை மிதித்து ஃபர்ஸ்ட் கியருக்குத் தள்ளுகிறேன். கியர் லிவர் சேற்றில் அடித்த முளை மாதிரி நிற்கிறது.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. டிப்ளமோ முடித்த கையோடு பாலக்காட்டுச் சித்தூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்திருந்தேன். கார், நல்லேப்பிள்ளியில் வயல் வைத்திருந்த, சரசுவின் அப்பா சாமியப்பனுடையது; ஓட்டுவதற்கு என்னைக் கூட்டி வந்திருந்தார். அந்தக் காரின் புத்தகம் கியர்பாக்ஸுக்கு முப்பதாம் நம்பர் என்ஜின் ஆயில் என்கிறது. கெட்டியான தொண்ணூறாம் நம்பர் ஆயில் பின் ஆக்ஸிலுக்கு மட்டும்தான். நானும் படித்துக் காட்டினேன்.

"ஏனுங் தம்பி, எங்கூட்டு மாட்டு வண்டி அச்சுக்கே விளக்கெண்ணெய்தானுங்க. அச்சே தேயறதில்ல, பல்லுச் சக்கரம் தேஞ்சிருமாக்கும்?" என்று அவரே ஊற்றிவிட்டார். எங்கள் ஊர் வெயிலில் கியர் வெண்ணெயாக விழுந்தது. மலைக்குளிரில் ஒரு ராத்திரி நின்றதும் எண்ணெய் பாகாகிவிட்டது.

"எறங்கி உள்ள வாத்தா" என்றார் சாமியப்பன்.

சம்பந்தியம்மா கையை விரித்து மறித்தார். "படி எறங்குன பிள்ளைய திரும்ப ஏத்தக் கூடாது சம்பந்தி! இங்கிட்டு அதுதான் வழக்கம்."

சரசு காருக்குள்ளேயே உட்கார்ந்து முறுக்கைக் கடித்தாள்.

நான் அடியில் படுத்து டிரெயின் பிளக்கைக் கழற்றினேன். எண்ணெய் நூல் நூலாக, வேண்டாவெறுப்பாக இறங்கியது. சமையல்கட்டில் அண்டா நிறைய வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. சாக்கை நனைத்துப் பிழிந்து கொண்டுவரச் சொல்லி, கியர்பாக்ஸைச் சுற்றி வைத்தேன். சாமியப்பன் மனைவி தங்கமணியக்காதான் கொல்லையில் சாக்கு பிழிந்து பிழிந்து அனுப்பினார்.

"புள்ளத்தாச்சி நானு. ஒத்தடம் காருக்கா?" என்று சரசு கேட்க, மாமியார்கூடச் சிரித்துவிட்டார்.

சூடு ஏறியதும் விளக்கெண்ணெய் தட்டுக்குள் கொடகொடவெனக் கொட்டியது. பிளக்கை மாட்டி, டிக்கியிலிருந்த என்ஜின் ஆயிலை மட்டம் வரை ஊற்றினேன். நெம்பர் முப்பது. ஸ்டார்ட் செய்து கிளட்சை மிதித்தேன். ஃபர்ஸ்ட் கியர் வழுக்கிக்கொண்டு விழுந்தது.

"விழுந்திருச்சு! விடு தம்பி, விடு!" என்று சாமியப்பன் முன்சீட்டில் பாய்ந்தார். ராகுகாலத்தை ஜெயித்தோம்.

முதல் வளைவில் சரசு கேட்டாள்: "அம்மா எங்கீங்கப்பா?"

கொல்லையில் சாக்கு பிழிந்துகொண்டிருந்தார்.

"திருப்பட்டுங்களா?" என்றேன் நான்.

சாமியப்பன் நெற்றியைத் துடைத்தார். "பொறப்பட்ட வண்டியத் திருப்பக் கூடாதுங் தம்பி. பஸ்ஸுல வந்துருவா."

கியர் ஆயிலை அதன் கெட்டியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். கார்ப் புத்தகத்தைப் பாருங்கள், போகிற ஊரின் குளிரையும் பாருங்கள். இதை நான் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். ஆனால் மூன்று பஸ் மாறி வந்து, நேராக ஒர்க்‌ஷாப் வாசலில் இறங்கிய தங்கமணியக்கா சொன்னதுதான் எடுபட்டது:

"தம்பி, பொஸ்தகத்துல என்ன போட்டிருக்குதோ அதையே ஊத்துங்க. அவரு வந்து வேற சொன்னா, அவரப் புடிச்சு ஒக்கார வெச்சுட்டு எனக்கு ஆளனுப்புங்க."