வேலாயுதம் அண்ணாச்சியின் வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, எம்.ரெட்டியபட்டிக்குப் போக வேண்டிய தண்ணீர் கேன்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி வீட்டு மதினியிடமிருந்து போன் வந்தது. "தம்பி, உங்க அண்ணாச்சி எந்திரிக்க மாட்டேங்குறாக. வாங்க தம்பி" என்றார். தூக்கத்திலேயே போய்விட்டார். கையிலிருந்த கேனை எங்கே வைத்துவிட்டு ஓடினேன் என்று எனக்கு இன்றுவரை நினைவில்லை.

அருப்புக்கோட்டையில் கயிறும் வாளியும் தார்ப்பாயும் வாங்கியவர்களுக்கு வேலாயுதம் அண்ணாச்சியை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கடைக்குப் பின்னாலேயே வீடு. இரண்டுக்கும் நடுவில் அந்தக் கண்ணாடித் தொட்டி. அதில் ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கடல் மீன்கள். ஒன்பது வருடத்துக்கு முன் தூத்துக்குடி மாப்பிள்ளை ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்தவை. ஆறு மாதம் தாங்கினால் பெரிது என்று நாங்கள் எல்லாரும் பேசிக்கொண்டோம். "நம்மூருக்கு வந்து தண்ணியில்லாமச் செத்துச்சுன்னு ஒரு பேச்சு வரக்கூடாதுல்ல" என்றார் அண்ணாச்சி. கடைசி வரைக்கும் அந்தப் பேச்சு வராமல் பார்த்துக்கொண்டார்.

நான் கேன் தண்ணீர் போடுகிறவன். வாராவாரம் அவர் வீட்டுக்கு இரண்டு கேன். ஒன்று குடிக்க என்று தெரியும். இன்னொன்று எதற்கு என்று ஒரு வெள்ளிக்கிழமைதான் கண்டுபிடித்தேன். வியாழன் சாயங்காலமே அந்தக் கேனை நீல வாளியில் ஊற்றி, பார்சலில் வரும் கடல்மீன் தொட்டி உப்பைப் போட்டுக் கலக்கி வைத்துவிடுவார். மறுநாள் தொட்டியிலிருந்து ஒரு வாளித் தண்ணீரைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, கலந்து வைத்ததை உள்ளே விடுவார். எடுத்த தண்ணீரைக் கொல்லைப்புறம் கொண்டுபோய்க் கொட்டினார் பாருங்கள், எனக்கு வயிறு எரிந்துவிட்டது. அரிசி கழுவிய தண்ணீரைக்கூட ஆட்டுக்கு வைக்கிற ஊரில் ஒரு வாளித் தண்ணீரை மண்ணில் கொட்டுவதா!

அடுத்த வாரம் அந்தத் தண்ணீரை நானே கேட்டு வாங்கிக்கொண்டுபோய் எங்கள் கம்பெனி வாசலில் இருந்த முருங்கைக்கு ஊற்றினேன். நாலு வாரத்தில் மரம் மொட்டையாகிவிட்டது. அண்ணாச்சி வந்து மரத்தைச் சுற்றிப் பார்த்தார். "ஏலே கணேசா, முருங்கைக்காய உப்புப் போட்டே காய்க்க வைக்கலாம்னு பாத்தியா?" என்றார். தெரு முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவர் அந்தத் தண்ணீரைக் கொல்லையில் முளைத்த சீமைக்கருவேலங் கன்றுகளை அழிப்பதற்காகத்தான் வருடக் கணக்கில் கொட்டிக்கொண்டிருந்தார். அவை இப்போது ஆள் உயரத்துக்குச் செழித்து நிற்கின்றன. இதை நான் தெரு முழுக்கச் சொன்னேன்.

சிரிப்பு இல்லாத ஒரு கோடையும் உண்டு. எங்கள் கம்பெனி போர்வெல்லில் தண்ணீர் இறங்கிவிட்டது. கிராமத்தில் ஒரு கேனுக்கு நாலு வீடு காத்திருந்தது. "மீனுக்கெல்லாம் இனிமே கேன் கெடையாது அண்ணாச்சி" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். "மனுசனுக்குக் குடுடா மொதல்ல" என்றார் அவர். நானும் பெரிய தருமவான் மாதிரி வாரம் ஒரு கேனோடு நிறுத்திக்கொண்டேன். ஒரு மாதம் கழித்து மதினி காப்பி கொடுத்தார். வாயில் வைக்க முடியவில்லை, அப்படி ஒரு கரிப்பு. "என்ன செய்ய தம்பி, நீங்க குடுக்குற ஒரு கேனும் மீனுக்குப் போயிருது. நாங்க ரெண்டு பேரும் போர்த் தண்ணிதான்" என்றார். அண்ணாச்சி எதுவும் தெரியாதவர் மாதிரி கயிறு அளந்துகொண்டிருந்தார். எனக்குக் கூசிப்போயிற்று. அடுத்த வாரத்திலிருந்து இரண்டாவது கேனையும் போட்டேன்.

அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் குழாய் பிடிக்க நானும் நின்றேன். "மொத்தத்தையும் ஒரே நாள்ல மாத்திப்புட்டா என்ன?" என்று கேட்டேன். "செத்துரும்லே. கொஞ்சம் எடுக்கணும், கொஞ்சம் விடணும். மாத்துனதே அதுக்குத் தெரியக்கூடாது" என்றார். அப்படியானால் எத்தனை வாரத்தில் பழைய தண்ணீர் முழுக்கப் போகும் என்று கேட்டேன். பலகையில் சாக்பீஸால் வெகுநேரம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "போகவே போகாது. எடுக்குறப்ப புதுசும் சேந்துதான வருது. மொத நாள் ஊத்துனதுல ஒரு பொட்டாவது எப்பவும் உள்ள கெடக்கும்."

அண்ணாச்சியைத் தூக்கிக்கொண்டு போனபின் வீட்டைக் கழுவிவிட ஆரம்பித்தார்கள். துக்க வீட்டில் இருக்கிற தண்ணீரையெல்லாம் கொட்டிவிடுவது நம் பக்கத்து வழக்கம். நாங்கள் மயானத்திலிருந்து திரும்பி வாசலில் நின்றபோது குடம், அண்டா, டிரம் எல்லாம் கவிழ்ந்து கிடந்தன. அண்ணாச்சியின் அக்கா தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். "இதையும் கொட்டுங்கய்யா. அதென்ன, இது மட்டும் தண்ணியில்லையா?" பக்கத்தில் நீல வாளி இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் அண்ணாச்சி கலந்து வைத்தது. ஒருவர் அதைக் கவிழ்ப்பதற்குத் தூக்கியே விட்டார்.

"அதக் கீழ வைங்க!" என்று கத்திவிட்டேன். துக்க வீட்டில் கத்தக் கூடாதுதான். ஒன்பது வருடம் அவர் காப்பாற்றியவற்றை அவர் போன அன்றைக்கே நாம் கொன்றுவிடப் போகிறோமே என்றுதான் கத்தினேன். என் பேச்சு எடுபடவில்லை. "ஒரு மீனுக்காக முறைய மாத்தச் சொல்றீகளா?" என்றார் அக்கா. அப்போதுதான் மூலையில் உட்கார்ந்திருந்த மதினி வாயைத் திறந்தார். "அவுக வெள்ளிக்கிழமை தவறாம இதுல இருந்து ஒரு வாளி கொட்டுவாக. இன்னைக்கும் வெள்ளிக்கிழமதான். அவுக கொட்டுற அளவே கொட்டட்டும்."

"சரி, கொட்டுனாச் சரி" என்றார் அக்கா. நான் ஈர வேட்டியோடு குழாயை வைத்து ஒரு வாளி எடுத்தேன். அதை அக்கா தன் கையாலேயே கொண்டுபோய்க் கருவேலத்துக்குக் கொட்டினார். பிறகு நீல வாளித் தண்ணீரை அவசரப்படாமல் உள்ளே விட்டேன். இரண்டு மீன்களும் வழக்கம்போலக் குழாய் வாய்க்கு வந்து நின்றன. அதைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது.

இப்போது மதினி உப்புக் கலக்குகிறார். நான் குழாய் பிடிக்கிறேன். போன வெள்ளிக்கிழமை அவர் கேட்டார்: "உங்க அண்ணாச்சி கடைசியாக் கலந்தது இன்னும் இதுல இருக்குமா தம்பி?"

"இருக்கும் மதினி. நாம எத்தன வாரம் மாத்துனாலும் இருக்கும். அண்ணாச்சியே கணக்குப் போட்டுச் சொல்லியிருக்காக."

மதினி குனிந்து தொட்டியைப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "அப்பச் சரி. அடுத்த வாரமும் கேன் ரெண்டாவே வரட்டும்" என்றார்.