தேவானந்தண்ணன் கட்ட மாட்டேன்னு போன டெக்கு

எங்க வூட்டு மாடியில பின்பக்கம் ஒரு கதவு இருக்குது. பதினோரு வருஷமா அத்தத் தெறந்தா நேரா ஆகாசம்தான். வூடு கட்டும்போது பால்கனி போடலாம்னு கதவ வெச்சிட்டோம், பால்கனி வரல. கதவுக்கு முன்னாடி பீரோவத் தள்ளி வெச்சி குடும்பம் நடத்திக்கினு இருந்தோம். தேவானந்தண்ணனப் பத்தி சொல்லணும்னா அந்தக் கதவுல இருந்துதான் ஆரம்பிக்கணும். வேற எங்க ஆரம்பிச்சாலும் நான் தப்பிச்சிக்கப் பாக்கறேன்னு அர்த்தம்.

அவரு பாலசமுத்திரத்து ஆளு. நைனா கரும்பு வெட்டற கூலி. சித்தூர்ல மிஷன் ஹாஸ்டல்ல தங்கி பத்தாவது வரைக்கும் படிச்சாரு, கணக்குல போயிடிச்சி. அதே ஊர்ல லாரி பாடி கட்டற ஷெட்டுல வெல்டிங் கத்துக்கினு, கல்யாணம் ஆனப்புறம் திருப்பதிக்கு வந்து கடை போட்டாரு. கடைன்னா நாலு தகரம், ஒரு மெஷின், அவ்வளவுதான். கிரைண்டர் சத்தத்துல எடது காது முக்காவாசி போயிடிச்சி. அந்தப் பக்கம் நின்னு பேசினா சிரிப்பாரு, பதில் வராது. சட்டைப் பையில எப்பவும் ஒரு சின்ன சுத்தி இருக்கும். டாக்டர் நெஞ்சத் தட்டிப் பாக்கற மாதிரி எதப் பாத்தாலும் தட்டுவாரு. சர்ச்சுக்குப் புது பெஞ்சு வந்தா அதுக்கும் ஒரு தட்டு. அவரு சம்சாரம் ஈவ்லின், "கல்யாணத்தன்னிக்கி எந்தலையத் தட்டாம வுட்டாரே, அதுவே பெருசு"ன்னு சொல்லும்.

எங்க வூட்டுக்காரரு ஜோஷுவாவுக்கு ஸ்ரீசிட்டியில வேலை. அங்க ஒரு ஆபீசரு வூட்டுல கதவுக்கு வெளிய இரும்பு சட்டம் கட்டி, மேல பலகை போட்டு மேடை மாதிரி வெச்சிருக்கறாங்க, டெக்குன்னு பேருன்னு வந்து சொன்னாரு. எனக்கும் ஆச வந்திச்சி. கதவத் தெறந்தா மலை தெரியும். காபி குடிக்கறோமோ இல்லியோ, துணியாவது காயப் போடலாம்.

போன வருஷம் ஜூன்ல தேவானந்தண்ணன வரச் சொன்னேன். ஏணி போட்டு ஏறி சுவத்தத் தட்டிக்கினே போனாரு.

"ஜெயசீலிம்மா, இது செங்கல்லு. பொத்துன்னு சத்தம் வருது பாரு. இதுல மாட்டினா, ஆடற பல்லுல கயிறு கட்டி தேர் இழுக்கற கததான்."

"அப்ப எங்கதாண்ணா மாட்டறது?"

"மாடித் தரைக்கு சமமா கான்கிரீட்டு பெல்ட்டு ஓடுது பாரு, அதுல நீட்டு போல்ட்டா எறக்கணும். அதுக்கு மேல தகரத்த மடிச்சி சுவத்துக்குள்ள சொருகணும், இல்லன்னா இரும்புக்குப் பின்னால தண்ணி போயிடும். பலகைக்கும் பலகைக்கும் நடுவுல ஆணி பருமன் சந்து வுடணும். நம்ம ஊரு மழ பத்து மாசம் சும்மா இருந்துட்டு பத்து நாள்ல கொட்டும். வழி வுட்டா அது பாட்டுக்குப் போயிடும். வழி வுடலன்னா உன் சுவத்துலயே குடித்தனம் பண்ணும்."

"சரி, பண்ணுங்க."

"பண்ணலாம். அந்தக் கல்ல மட்டும் எடுக்கணும்."

அந்தக் கல்லு இன்னான்னு சொல்லிடறேன். வூடு பிரதிஷ்டை பண்ணப்போ பதிச்ச கறுப்புக் கல்லு. மூணு அடி அகலம். மேல ஒரு வசனம், கீழ எங்க ரெண்டு பேரு பேரும் தேதியும். எல்லாரும் வாசப் பக்கம் வெப்பாங்க. எங்க வாசல் ஒரு சந்தப் பாத்து இருக்குது, அங்க மாடுதான் படிக்கும். பின்பக்கம்தான் சர்ச்சுக்குப் போற தெரு. அதனால மாடிக் கதவுக்கு நேரா கீழ, அந்த பெல்ட்டு மேலயே நான்தான் நின்னு பதிக்கச் சொன்னேன். தெருமுனை திரும்பினாலே ஜெயசீலின்னு தெரியும். ஞாயித்துக்கெழம சபையே அத்தப் படிச்சிக்கினு போவும்.

"கல்ல எடுத்து எங்க வெப்பீங்க?"

"டெக்குக்கு அடியில பதிச்சித் தரேன்."

"அங்க நெழல்ல யாருக்குத் தெரியும்?"

"கர்த்தருக்குத் தெரியாதாமா?"ன்னு சிரிச்சாரு.

எனக்கு சுருக்குன்னிச்சி. கல்லத் தொடாம, அதுக்குக் கீழ செங்கல்லுலயே மாட்டச் சொன்னேன். முடியாதுன்னாரு. அப்படின்னா சுவத்தையே நம்ப வேணாம், சுவத்துப் பக்கமும் ரெண்டு கம்பம் நட்டுடறேன், டெக்கு தன் கால்லயே நிக்கட்டும்னாரு. அந்தக் கம்பம் என் கிச்சன் ஜன்னலுக்கு நேரா வந்திச்சி. நான் இன்னா ஜெயில்லயா சமைக்கறேன்னு கேட்டேன். அவரு ஏணிய மடக்கிட்டாரு.

"நான் கட்ட மாட்டேம்மா. கீழ ஜனங்க நடக்கற எடம்."

"வசனக் கல்லக் கழட்டிட்டு உங்க இரும்ப மாட்டணும்ங்கறீங்க. நீங்க எல்லாம் ஒரு கிறிஸ்தவரா?"

நல்ல காதுப் பக்கம்தான் நின்னு கேட்டேன். அவரு வண்டிய எடுத்துக்கினு போயிட்டாரு.

அதோட வுட்டிருந்தா பரவாயில்ல. அந்த சனிக்கெழம மாதர் சங்கத்துல, டீ குடிக்கற நேரத்துல, "தேவானந்தம் எங்க வூட்டு வசனத்தக் கழட்டச் சொல்றாரு, இரும்பு பெருசாப் போச்சி அவருக்கு"ன்னு சொன்னேன். போல்ட்டு, பெல்ட்டு, மழ, எதையும் சொல்லல. கேட்டவங்க "அப்டியா"ன்னு வாயில கைய வெச்சாங்க. சர்ச்சு காம்பவுண்டுக்குக் கேட்டுக் கதவு போடற வேலைய அவருக்குத்தான் தர்றதா பேச்சு இருந்திச்சி. அடுத்த மாசம் வேற ஆளு வந்து போட்டான். ஏன்னு அவருகிட்ட யாரும் சொல்லல. ஆனா அவருக்குத் தெரியும்.

எங்க சபையில மாசத்து மொத ஞாயிறு ராப்போஜனம், அப்பமும் ரசமும் தருவாங்க. யார் மேலயாவது மனஸ்தாபம் இருந்தா, ஒப்புரவு ஆகற வரைக்கும் எடுக்கக்கூடாதுன்னு பெரியவங்க வெச்சிட்டுப் போன பழக்கம். ஜூலையில தேவானந்தண்ணன் கடைசி பெஞ்சுல ஒக்காந்துக்கினே இருந்தாரு, எழுந்து வரல. ஆகஸ்டுலயும் வரல. என்னாலதான்னு எனக்கு நல்லாத் தெரியும். நான் வெள்ளப் பொடவ கட்டிக்கினு மாசா மாசம் மொத வரிசையில போய் முட்டி போட்டேன்.

டெக்க ரமணாங்கற ஆளு கட்டினான். அவனும் சுவத்தப் பாத்துட்டு, "பீம்லோ கொட்டாலம்மா"ன்னுதான் சொன்னான், பீம்லதான் அடிக்கணும்னு. கல்லத் தொடாம கட்டறதுன்னா கட்டு, இல்லன்னா வேற ஆளப் பாக்கறேன்னேன். "மீ இஷ்டம்", உங்க இஷ்டம்னுட்டு கல்லுக்குக் கீழ செங்கல்லுல கட்டினான். பலகைய சந்தே இல்லாம நெருக்கிப் போடச் சொன்னதும் நான்தான், சந்து இருந்தா ஊக்கு வுழுந்துடும்னு. கதவுல இருந்து ரெண்டு படி எறங்கினா டெக்கு. பாக்க அழகாத்தான் இருந்திச்சி.

நவம்பர்ல புயல் மழ ஒரு வாரம் வுடாம கொட்டிச்சி. பலகை மேல தண்ணி குளமா நின்னிச்சி. கிச்சன் சுவத்துல பழுப்பா ஒரு கோடு எறங்கிச்சி. நான் அந்தக் கோட்டு மேல காலண்டர மாட்டிட்டேன்.

டிசம்பர்ல ரெண்டாவது ஞாயிறு, மத்தியானம் மூணு மணிக்கு எங்க வூட்டுல ஸ்தோத்திர ஜெபம். கீழ சாமியானா போட்டிருந்தோம். மழ தூறிக்கினு இருந்திச்சி. ஜெபம் முடிஞ்சதும் மாதர் சங்கத்துக்காரங்க டெக்குல நின்னு போட்டோ எடுக்கணும்னாங்க. பாஸ்டரம்மாவோட சேத்து ஒம்போது பேரு. நான் நடுவுல.

கர்ர்ருன்னு ஒரு சத்தம். சுவத்துப் பக்கம் ஒரு ஜாண் எறங்கிடிச்சி. காலு தானா சுவத்தப் பாத்து சறுக்குது. தெருவுல இருந்து ஒரு குரலு.

"யாரும் ஓடாதீங்க! குதிக்காதீங்க! ஒவ்வொருத்தரா படியப் புடிச்சி ஏறுங்க!"

தேவானந்தண்ணன். வூட்டுக்குப் போற வழியில மேல பாத்திருக்கறாரு. வண்டியப் போட்டுட்டு ஓடி வந்து, சாமியானா கம்பத்தப் புடுங்கி, பிச்சிக்கினு வந்த இரும்புக்கு அடியில குடுத்து, தோள வெச்சி நின்னாரு. ஸ்க்ரூ போட்ட ஓட்டைங்க வழியா சுவரு குடிச்சி வெச்ச தண்ணி செம்மண்ணா அவரு தலையில கொட்டிச்சி. நகரவே இல்ல. நாங்க ஒம்போது பேரும் உள்ள வந்து சேர்ற வரைக்கும் அப்டியே நின்னாரு. ஜோஷுவா ரெண்டாவது கம்பத்தக் கொண்டாந்து குடுத்தப்புறம்தான் வெளிய வந்தாரு. உள்ளங்கை கிழிஞ்சி ரத்தம்.

எல்லாரும் கீழ வந்து பாத்தோம். டெக்கு வாயப் பொளந்துக்கினு நிக்குது. கல்லு மட்டும் அப்டியே இருந்திச்சி. மழையில கழுவி, என் பேரு பளபளன்னு.

பாஸ்டரம்மா கேட்டாங்க, "எப்டிம்மா ஆச்சி?"

"அந்த ரமணா ஏமாத்திட்டான்மா"ன்னேன்.

வாயில தானா வந்திச்சி. தேவானந்தண்ணன் கர்சீப்ப கையில சுத்திக்கினு நாலடி தூரத்துல நின்னாரு. நல்ல காது எம்பக்கம் இருந்திச்சி. என்ன ஒரு தரம் பாத்தாரு. கோவமா பாத்திருந்தா தாங்கியிருப்பேன். டாக்டர் எக்ஸ்ரேவப் பாக்கற மாதிரி பாத்தாரு. வண்டியத் தூக்கி நிறுத்தி போயிட்டாரு.

கிறிஸ்துமஸ் வந்திச்சி, போச்சி. ஜனவரியில மொத ஞாயிறு. நான் எழுந்து போனேன், பழக்க தோஷம். திரும்பி வரும்போது பாத்தா அவரு கடைசி பெஞ்சுல, கட்டுப் போட்ட கைய மடியில வெச்சிக்கினு ஒக்காந்து இருக்கறாரு. அப்பம் இன்னும் என் வாயிலயே இருந்திச்சி.

மறுநாளு கடைக்குப் போனேன். கிரைண்டர் ஓட்டிக்கினு இருந்தாரு. "அண்ணா, தப்பு என்னுது. உங்களப் பத்தி பொய் சொன்னேன். மன்னிச்சிடுங்க"ன்னேன். சிரிச்சாரு. அப்புறம்தான் தெரிஞ்சிச்சி, செவிட்டுப் பக்கம் நின்னு சொல்லி இருக்கறேன். சுத்திக்கினு அந்தப் பக்கம் போய், திரும்பவும் மொத வார்த்தையில இருந்து சொல்ல வேண்டியதாப் போச்சி. ரெண்டாவது தரம் சொல்லும்போதுதான் அழுக வந்திச்சி.

மெஷின நிறுத்தினாரு. "எங்கிட்ட சொல்லி இன்னாம்மா பிரயோஜனம்? நீ அத்த எங்கிட்டயா சொன்ன? சங்கத்துல சொன்ன. அங்க போய் சொல்லு."

அதுக்கு மூணு சனிக்கெழம ஆச்சி. மொத சனிக்கெழம தல வலி. ரெண்டாவது சனிக்கெழம வாயத் தெறந்து, கேக்கு நல்லா இருக்குன்னுட்டு வந்துட்டேன். மூணாவது வாரம்தான் எழுந்து நின்னு சொன்னேன். கல்லுல இருந்த என் பேருக்காகத்தான் அப்டிப் பண்ணேன், வசனத்துக்காக இல்லன்னு சொன்னேன். சங்கத்துலயே வயசான எலிசாக்கா மட்டும், "ஏண்டி, ஏழு மாசமா அந்த மனுசன எங்களயும் சேத்து முறைக்க வெச்சியேடி"ன்னாங்க.

சேதி எப்டியோ போய் சேர்ந்திச்சி. செவ்வாக்கெழம ஏணியோட வந்துட்டாரு. கல்லக் கழட்டினாரு. நாலு ஸ்க்ரூ. பத்து நிமிஷம் ஆவல. அந்தப் பத்து நிமிஷத்துக்குத்தான் நான் இவ்வளவும் பண்ணி இருக்கறேன். கர்சீப்பால தொடச்சி, "எங்க வெக்கட்டும்?"ன்னாரு. உள்ள ஹால்ல, கதவுக்குப் பின்னால வெக்கச் சொன்னேன். அப்புறம் பெல்ட்டத் தட்டினாரு. கிண்ணுன்னு சத்தம் வந்திச்சி. போல்ட்டு, மடிச்ச தகரம், பலகைக்கு நடுவுல ஆணிய நிறுத்தி அளந்து வுட்ட சந்து. எல்லாம் ஜூன்ல சொன்னதுதான்.

பிப்ரவரி மொத ஞாயிறு ராப்போஜனத்துக்கு தேவானந்தண்ணன் எழுந்து வந்தாரு. எட்டு மாசத்துக்கு அப்புறம். ஈவ்லின் முந்தானையால கண்ணத் தொடச்சிக்கினு அவரு போறதயே பாத்துக்கினு இருந்திச்சி. எம்பெஞ்சத் தாண்டும்போது நின்னு, "வாம்மா"ன்னாரு.

என்னால எழுந்திருக்க முடியல. ரமணா ஏமாத்திட்டான்னு நான் சொன்னது தெரு பூரா பரவி, எங்க ஏரியாவுல அவன யாரும் வேலைக்குக் கூப்பிடறது இல்ல. அவன் நம்ம சபை இல்ல, மதமும் வேற. அதனால அவன்கிட்ட மன்னிப்பு கேக்கத் தேவையில்லன்னு ஒரு மாசமா என்ன நானே ஏமாத்திக்கினு இருந்தேன்.

"ரமணா இருக்கறான்ணா"ன்னேன், மெதுவா.

அவரு தல ஆட்டிட்டு முன்னாடி போனாரு. நான் வெள்ளப் பொடவையில, மொத வரிசையில, தனியா ஒக்காந்துக்கினு இருந்தேன். சபையே என்னச் சுத்திக்கினு போய், சுத்திக்கினு வந்திச்சி.

நாளைக்குத் திங்கக்கெழம. அலிபிரி ரோட்டுல அவன் கடைய ஒம்போது மணிக்குத் தெறப்பான்.