அப்பா நியமித்த மேஸ்திரி

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுதச் சொல்கிறார் சித்தப்பா. பொய்யில் கையெழுத்துப் போட மறுத்து வேலையை இழந்தவர் எங்கள் அப்பா. அவரைப் பற்றி மழுப்பி எழுத எனக்கு மனம் வரவில்லை.

அப்பா சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டனில் பிறந்தார். மீசை முளைத்ததும் சுரங்கத்தில் இறங்கினார். சுரங்கத்தை மூடிய பிறகு கிடைத்த வேலையெல்லாம் செய்துவிட்டு, வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைத்திருக்கும் ஒரு வெளியூர் இல்லத்தில் ஒப்பந்தக் காவலரானார்.

பையன்கள் அதிகம், காவலர்கள் ஷிஃப்டுக்கு இரண்டே பேர். சுரங்கத்தில் மேஸ்திரியின் அதட்டலுக்குக் கட்டுப்பட்டுத்தான் அப்பா பலமுறை உயிரோடு மேலே வந்தார். அதே நினைப்பில், இருந்தவர்களில் பெரியவனை இங்கும் மேஸ்திரி ஆக்கினார். அவனுக்கு முதல் சாப்பாடு, ஜன்னலோரப் படுக்கை, கையில் ஒரு விசில். ஒரே வாரத்தில் இல்லம் அடங்கியது. அதிகாரிகள் புகழ்ந்தார்கள். எப்படி அடங்கியது என்று யாரும் கேட்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை.

ஒரு காலை, வரிசைக்குத் தாமதமாக வந்த சின்னப் பையனை அந்த மேஸ்திரி அறைந்தான். சின்னவனுக்கு ஒரு காது கேட்காமல் போயிற்று. அன்று அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் சொன்னார்:

"அட்சிக்கினே இன்னா சொன்னான் தெரியுமா? 'ஷிஃப்டுன்னா ஷிஃப்டு, இது இன்னா மாமியார் வூடா?'ன்னான். அது என் பேச்சு. தெனம் அவங்களாண்ட நான் சொல்றது."

விசாரணைக்கு முன், கூட வேலை செய்த காவலர் வீட்டுக்கே வந்தார்.

"பசங்களுக்குள்ள சண்டைன்னு எழுதிக் குடுத்துடுங்கண்ணே. நமக்கு வம்பில்ல."

"அந்தப் பெரிய பையனுக்கு?"

"அவனுக்கு இன்னாண்ணே, ஏற்கெனவே கேஸ்ல கிறவன்."

அவனுக்கு அதிகாரம் கொடுத்தது நான், அது இங்கே எல்லோருக்கும் தெரியும் என்று அப்பா எழுதிக் கொடுத்தார். அப்பாவை மட்டும் வீட்டுக்கு அனுப்பினார்கள். பெரியவனை வேறு இல்லத்துக்கு மாற்றினார்கள். விசில் இன்னொரு பையன் கைக்குப் போயிற்று.

சின்னவனிடம் மன்னிப்புப் பெறாமல் சாகக் கூடாது என்பதே அதன் பிறகு அப்பாவின் கவலை. மூன்று முறை அவன் வீட்டு வாசலில் போய் நின்றார். மூன்று முறையும் கதவு திறக்கவில்லை. நெஞ்சில் சேர்ந்த சுரங்கத் தூசி அவரைப் படுக்கையில் தள்ளியபோது, கூட வேலை செய்தவர்களில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

ஆக்சிஜன் சிலிண்டரைச் சுமந்து வந்த பக்கத்து வீட்டார்க்கும், அடக்கத்தில் பௌத்த முறைப்படி பஞ்சசீலம் ஓதிய பெரியவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பாடைக்குத் தோள் கொடுத்தவர்களில் அப்பா மேஸ்திரி ஆக்கிய அந்தப் பையனும் ஒருவர். இப்போது லாரி ஓட்டுகிறார்.

ஓராண்டு நினைவு நாளுக்கு அழைக்க, காதை இழந்தவருக்கும் நானே போன் செய்தேன்.

"உங்க அப்பா வந்து நின்னது எனுக்குத் தெரியும்க்கா. நான்தான் கதவத் தொறக்கல. இப்பவும் வரமாட்டேன்" என்றார்.

உறவினர்கள் யாரும் அவரைக் குறை சொல்ல வேண்டாம். அப்பா அவரை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. உண்மையைச் சொன்னதற்கு அவருக்கும் எங்கள் நன்றி.

— மகள்